அக்காவின் இருநூற்று நாற்பத்து மூன்று செடிகள்

என் வீட்டு முன்னறையில் கண்ணாடிக் கதவு போட்ட மூன்று அலமாரிகள் இருக்கின்றன. முதலாவதில் கற்கள். இரண்டாவதில் விதைகள், நெற்றுகள், குறுக்கே அறுத்து இழைத்த மரத்துண்டுகள். மூன்றாவதில், பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் கழித்துவிட்ட பழைய பாடப்பொருள்கள்: மெழுகில் செய்த செம்பருத்தியின் உள்வெட்டு, அவரை விதை முளைக்கும் ஐந்து நிலைகளைக் காட்டும் சுண்ணாம்புப் பொம்மைகள், கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய ஒரு மரப்பெட்டி. தோல், கொம்பு, பாடம் செய்த பறவை எதையும் நான் தொடுவதில்லை. சட்டம் அனுமதிக்காது; அனுமதித்தாலும் கண்ணாடிக் கண்களோடு ஒரே அறையில் காப்பி குடிக்க என்னால் முடியாது.

ஒவ்வொரு பொருளுக்கும் அடியில் ஓர் அட்டை உண்டு. எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து, என்றைக்கு. தேதி தெரியாத பொருளை வீட்டுக்குள் விடுவதில்லை என்பது முப்பது வருடமாக என் வழக்கம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்திருக்கிறேன். சென்ற பிப்ரவரிக்குப் பிறகு கொஞ்சம் அடக்கியே சொல்கிறேன்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை. டெல்லி முனிர்காவில் எங்கள் குடியிருப்புக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் தமிழ்க் கடையில், முறுக்கு பாக்கெட்டுகள் வரும் தட்டையான அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் இட்லி அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். பருத்திப் புடவை, கம்பளிக் குல்லாய், காலில் ஓடுகிறவர்கள் போடும் காலணி.

“அந்தப் பெட்டிய வச்சு என்ன செய்யப் போறீங்க தம்பி?”

“கல்லு அடுக்கணும்க்கா.”

“டெல்லியில கல்லுக்கு என்ன பஞ்சம்? அதைப் பெட்டியில போட்டு வேற வைக்கணுமா?”

“தேதியோட வைக்கணும்.”

அரிசியைக் கீழே விட்டுவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். “அப்போ நீங்க எங்க வீட்டுக்கு ஒரு நட வரணும்” என்றார்.

அன்று மாலையே போனேன். இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மத்திய அரசில் ஸ்டெனோகிராபராகச் சேர்ந்து, ஓர் அமைச்சகத்தில் தனிச்செயலராக ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலம் முழுவதும் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்து அலுவலகத்துக்கு நடந்தே போய் நடந்தே வந்திருக்கிறார். வீட்டில் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. மகனுக்குப் பெங்களூருக்கு மாற்றல்; மார்ச் கடைசி நாள் லாரி வருகிறது; அம்மாவும் கூடவே போகிறார்.

கட்டாமல் கிடந்தவை இரண்டு டிரங்குப் பெட்டிகள். அதில் ஒன்றை அவர் திறந்தபோது வந்த வாசனையை எப்படிச் சொல்வது? வைக்கோல், அந்துருண்டை, பழைய நூலகம் மூன்றும் சேர்ந்தது. உள்ளே அடுக்கடுக்காகத் தமிழ்ச் செய்தித்தாள்கள். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் அமுக்கி உலர்த்திய ஒரு செடி.

மொத்தம் இருநூற்று நாற்பத்து மூன்று. பிறகு நான் இரண்டு முறை எண்ணினேன்.

எழுபதுகளின் கடைசியில் தொடங்கி இருபது வருடம், நடக்கும் வழியில் பறித்தவை. ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு. அலுவலகத்தில் கார்பன் தாளுக்கு அடியில் வைக்கும் மெல்லிய காகிதத்தில், நீல மையில், சாய்வில்லாத எழுத்து. நான் பார்த்த முதல் சீட்டு இன்னும் மனப்பாடம்: “நாவல். லோதி ரோடு, எங்கள் பிளாக்குக்கும் பால் பூத்துக்கும் நடுவில், இடமிருந்து மூன்றாவது மரம். பூ வெள்ளை கலந்த பச்சை. மணம்: நனைந்த சாக்கு. பெயர் சொன்னவர்: தோட்டக்காரர். ஜாமுன் என்றார். எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேட்டேன்.”

கீழே, வேறு மையில், பிற்பாடு எழுதிய தாவரவியல் பெயர். நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தானே தேடிக் கண்டுபிடித்தது. தெரியாத இடங்களில் “தெரியவில்லை” என்றே விட்டிருந்தார். ஒரு செடிக்கு ‘தெரியவில்லை’ என்று எழுதி, பதினோரு வருடம் கழித்துப் பெயரைச் சேர்த்திருந்தார். எத்தனையோ சேகரிப்பாளர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு அமைதியாக எழுதியவரை அதுவரை கண்டதில்லை.

“எப்படிக்கா ஆரம்பிச்சீங்க?”

“வந்த புதுசுல ஒரு பாஷையும் தெரியாது. ஆபீஸ் போற வழியில நாப்பது அம்பது மரம் நிக்கும். ஒண்ணுக்கும் பேரு தெரியல. பேரு தெரியாத ஊர்ல எப்படி இருக்கது? அதான் ஒவ்வொண்ணா விசாரிச்சேன்.”

மகன் உள்ளே இருந்து வந்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். “அங்கிள், நீங்களாவது சொல்லுங்க. நல்லதா ஒரு பத்து எடுத்து ஃப்ரேம் பண்ணி ட்ராயிங் ரூம்ல மாட்டலாம், பஹுத் அச்சா இருக்கும்னு சொல்றேன். மத்ததை எங்க வெக்கறது? அங்க ரெண்டு பெட்ரூம்தான்.”

“செவத்துல மாட்டுனா அது பொம்மை” என்றார் அக்கா, அவரைப் பார்க்காமலே. “அந்த மரங்கள்ல பாதிக்கு மேல இன்னைக்கு இல்ல. குவார்ட்டர்ஸை இடிச்சுட்டு மாடி மாடியாக் கட்டிட்டாங்க. இங்கன இன்ன மரம் நின்னுது, இன்ன மாசம் பூத்துதுன்னு சொல்ல என்னைய விட்டா இந்தத் தாளுதான் இருக்கு. சேர வேண்டிய இடத்துல சேத்துட்டு ரயில் ஏறணும். அவ்வளவுதான் எனக்கு.”

சேர வேண்டிய இடம் என்று அவர் சொன்னது ஹெர்பேரியத்தை: உலர்த்திய செடிகளைத் தாளில் தைத்து, வரிசை எண் போட்டு, ஆராய்ச்சிக்காக அடுக்கிவைக்கும் அறை. நகரத்தின் வடக்கே ஒரு கல்லூரியில் அப்படி ஒன்று உண்டு. அதன் பொறுப்பாளர் அம்மையாரை, பழைய பாடப்பொருள்கள் வாங்கிய வகையில் எனக்குத் தெரியும். அங்கிருந்தே போன் செய்தேன்.

“இடம், தேதி, பறித்தவர். இந்த மூன்றும் இருந்தால் நாளைக்கே கொண்டுவாருங்கள்” என்றார் அவர் இந்தியில். “தேதி இல்லையென்றால், மாஃப் கீஜியே, எங்களுக்கு அது காய்ந்த இலை.”

போனை வைத்துவிட்டுச் சீட்டுகளைப் புரட்டினேன். இடம் இருந்தது, உயரம் இருந்தது, மணம்கூட இருந்தது. ஒரு சீட்டிலும் தேதி இல்லை.

“தேதிதான் பேப்பர்லயே இருக்கே தம்பி. அன்னன்னைக்குப் பேப்பர்லதான் அன்னன்னைக்குச் செடிய வைப்பேன். ரெண்டு இடத்துல எதுக்கு எழுதணும்?”

உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. எத்தனை சிக்கனமான ஏற்பாடு. தாளே அழுத்தும் பொருள், தாளே நாட்காட்டி. மார்ச் கடைசி வாரம் புதன்கிழமை என்று பொறுப்பாளரிடம் நாள் வாங்கினேன். வேலையை நானே செய்துதருகிறேன் என்று பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

செய்தித்தாள் நாளாக நாளாகப் புளித்து, தன்னிடம் இருப்பதையும் அரிக்கும் என்று சேகரிப்பு பற்றிய புத்தகங்களில் எல்லாம் படித்திருக்கிறேன். ஆகவே தினமும் காலை ஐந்தாறு செடி. மெல்லிய தகட்டால் செடியை எழுப்பி, கெட்டியான வெள்ளைத் தாளுக்கு மாற்றி, காகிதப் பட்டையால் கட்டி, சீட்டை வலது மூலையில் ஒட்டுவேன். முதல் பக்கத்தின் உச்சியில் தேதி இருக்கும் துண்டை மட்டும் நேராக வெட்டி வெள்ளைத் தாளின் பின்புறம் ஒட்டிவிட்டு, மீதித் தாளைப் பழைய பேப்பர் கட்டோடு சேர்ப்பேன். சனிக்கிழமைதோறும், இங்கே கபாடி என்று சொல்லும் பழைய பேப்பர்காரர் கீழே வந்து மணியடிப்பார். அந்த வாரக் கட்டு அவரோடு போகும். கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலில் ஏதோ கிறுக்கல்கள் இருந்ததைக் கவனிக்காமல் இல்லை. பேப்பர் போடுகிறவர் வீட்டு எண்ணைக் குறித்திருப்பார் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை அலுக்கவே இல்லை. இலவம்பூ ஒன்றை இரண்டாகப் பிளந்து, உள்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் ஒன்றாக வைத்திருந்தார். புரசம்பூவின் சிவப்பு, காப்பித்தூள் நிறத்துக்கு மாறியும் காம்பருகே கொஞ்சம் மிஞ்சியிருந்தது. குப்பைமேனியும் நாயுருவியும்கூட மரங்களுக்குக் கிடைத்த அதே மரியாதையோடு, வேரோடு, மண் கழுவி அமுக்கப்பட்டிருந்தன. நல்லவை பன்னிரண்டை என் அலமாரிகளுக்கு மேல் வரிசையாகச் சாய்த்து வைத்தேன், சில நாள் பார்த்துக்கொண்டிருப்பதற்காக. வந்தவர்கள் எல்லாம் கற்களை விட்டுவிட்டு அவற்றையே பார்த்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை, அன்றைய முதல் செடி, மொத்தத்தில் நூற்றுப் பத்தொன்பதாவது. பதுவா. டெல்லிக்காரர்கள் குளிர்காலத்தில் பரோட்டாவில் சேர்க்கும் கீரை. சீட்டில் இருந்தது: “இன்று பரேட். வழியெல்லாம் அடைத்துவிட்டார்கள். லோதி தோட்டத்தைச் சுற்றி நடந்தபோது சுவரோரம்.” தேதித் துண்டை வெட்டக் கத்தரியை எடுத்தேன். பேப்பரில் ஜனவரி இருபது என்று இருந்தது.

குடியரசு தினம் எந்த வருடமும் இருபதாம் தேதி வந்ததில்லை. ஒத்திகையாக இருக்குமோ என்று பார்த்தேன். சீட்டின் இரண்டாவது வரியில், ஆபீஸ் விடுமுறை என்று தெளிவாக இருந்தது. முதலில் அக்காவைத்தான் சந்தேகித்தேன், இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. முடித்து வைத்திருந்த அடுக்கைப் பிரித்துத் தேடினேன். ஒரு தும்பைச் செடியின் சீட்டு: “தீபாவளிக்கு மறுநாள். தெருவெல்லாம் வெடிக் குப்பை.” பின்புறம் நான் ஒட்டியிருந்த துண்டில், தேதிக்குப் பக்கத்தில், தீபாவளிக்கு இன்னும் ஐந்தே நாள் என்று ஒரு ஜவுளிக்கடை விளம்பரம்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, பரேட் அன்னிக்குப் பறிச்ச செடி இருபதாம் தேதி பேப்பர்ல எப்படி இருக்கும்?”

“இருபதாம் தேதி பேப்பரு எங்கிட்ட இருபத்தாறாம் தேதிதானே வரும்.”

“ஏன்?”

“ஏன்னா, நான் நாலாவது வீடு.”

பிறகு அவர் சொன்னது இது. மெட்ராஸில் அச்சாகும் பேப்பர் ரயிலில் டெல்லிக்கு வர இரண்டு நாள். பிளாக்கில் நான்கு தமிழ்க் குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரே பேப்பர். முதல் வீட்டில் ஒரு செக்ஷன் ஆபீசர். அவர் படித்து இரண்டாம் வீட்டுக்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு, கடைசியாக அக்காவுக்கு. வீட்டுக்கு ஒரு நாள். கடைசியாகப் படிக்கிறவருக்கே தாள் சொந்தம் என்பது ஒப்பந்தம். செடி அமுக்கத் தாள் வேண்டும் என்று அக்காதான் நாலாவது இடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவருக்கு அன்றைய பேப்பர் என்றால் அன்று அவர் கைக்கு வந்த பேப்பர். இருபது வருடம் அப்படியே சொல்லிப் பழகியதில், தாளில் அச்சாகியிருப்பது வேறு தேதி என்பதே அவருக்கு உறுத்தவில்லை.

“அப்ப பறிச்ச தேதி எங்கக்கா இருக்கு?”

“கடைசிப் பக்கத்துல அடியில பாருங்க. ஒருக்கா தொடர்கதைய யாரோ கிழிச்சுட்டாங்கன்னு பிளாக்குல பெரிய சண்டை. அதுலேருந்து அந்த செக்ஷன் ஆபீசர் ஒரு ஏற்பாடு பண்ணினாரு. ஃபைலுல போடுத மாதிரி, படிச்சு முடிச்சதும் ஒவ்வொருத்தரும் இனிஷியல் போட்டு அடியில தேதி போடணும். என்னோடது நாலாவது. அன்னைக்குத்தான் செடியும்.”

மேசையில் கிடந்த கத்தரியைத் தள்ளி வைத்தேன்.

“தம்பி, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்க்கா. அப்புறம் கூப்பிடறேன்.”

கையில் இருந்த ஜனவரி இருபதாம் தேதித் தாளைத் திருப்பினேன். அடியில் பென்சிலில் நான்கு சிறு கையெழுத்துகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்று, கீழே 23, 24, 25, 26. நான்காவது மட்டும் சாய்வில்லாமல் நின்றது.

நூற்றுப் பதினெட்டுத் தாள்களின் கடைசிப் பக்கங்களை நான் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்திருந்தேன். தேதியைக் காப்பாற்றுகிறேன் என்று தவறான தேதியைக் கத்தரித்து ஒட்டிவிட்டு, சரியான தேதியை.

முனிர்கா கிராமத்துச் சந்துக்குள் அவருடைய கடையைத் தேடிப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“பையா, நான் கொடுத்த மதராஸி அக்பார் இருக்கிறதா?”

“அதுவா சாப்? இங்கே யாராலும் படிக்க முடியாது. படிக்க முடியாத பேப்பர்தான் முதலில் போகும். பொட்டலம் கட்டுகிறவன் உட்கார்ந்து படிக்க மாட்டான் பாருங்கள்.”

பாதி, சேவு மிக்சர் விற்கும் ஒரு நம்கீன் கடைக்கும் பாதி ஒரு கண்ணாடிச் சாமான் கடைக்கும் போயிருந்தது. நம்கீன் கடையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் என் வயதைப் பார்த்து உள்ளே விட்டார். டம்ளர்களைச் சுற்றியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக உருவி, அதற்குப் பதில் இந்தித் தாளைச் சுற்றி வைத்தேன். மாலை வரை ஆயிற்று. உச்சியில் அச்சான தேதியோடு முப்பத்தொரு கடைசிப் பக்கங்கள் கிடைத்தன. எண்பத்தேழு கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். வழியில் ஏதேதோ முன்னுரை யோசித்திருந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிட்டேன்.

“அங்கிள், நீங்க டேட்டாவை எல்லாம் கபாடிக்குப் போட்டுட்டீங்களா?” என்றார் மகன். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

 அக்கா புடவைத் தலைப்பைத் தோளில் சரிசெய்துகொண்டார். பிறகு, “எத்தன போச்சு?” என்றார்.

“எண்பத்தேழு.”

“எத்தன இருக்கு?”

“நூற்று ஐம்பத்தாறு.”

“ஆபீஸ்ல ஃபைல் தொலஞ்சா என்ன செய்வீங்க?”

நானும் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன்தான். “பார்ட் ஃபைல் தொறப்போம், அசல் கிடைக்கிற வரைக்கும்.”

“முதல் நோட்டுல என்ன எழுதுவீங்க?”

“எப்படித் தொலைஞ்சுதுன்னு.”

“எழுதுங்க அப்போ. உக்காந்து மூஞ்சிய தொங்கப் போட்டா ஃபைல் வந்துருமா?”

அந்த வாரம் முழுவதும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேலை நடந்தது. மீந்த நூற்று ஐம்பத்தாறு தாள்களில், அச்சான தேதிக்கும் நான்காவது இனிஷியலின் தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று நான் வாசிக்க, அக்கா சுருக்கெழுத்தில் குறித்தார். அவருடைய கை இன்னும் என் வாயை விட வேகமாகப் போனது. பெரும்பாலும் ஆறு நாள். ஒரு வீட்டார் ஊருக்குப் போயிருந்தால் ஐந்து. மூன்றாம் வீட்டம்மாவுக்குத் தொடர்கதை பிடித்துப்போன மாதங்களில் ஒன்பது வரைக்கும் இழுத்தது.

“அவ ஒரு சோம்பேறி” என்றார் அக்கா. “ஆனா கையெழுத்துல பொய் சொல்ல மாட்டா. ஒம்பது நாள்னா ஒம்பதுன்னு போடுவா.”

ஐந்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை, ஒன்பதுக்கு மேலேயும் இல்லை. ஆகவே எண்பத்தேழு தாள்களிலும் இன்ன தேதிக்கும் இன்ன தேதிக்கும் இடையில் என்று எழுதினேன். தும்பைச் செடி மாதிரி சீட்டே நாளைக் காட்டிக்கொடுத்த இடங்களில் அதையும் சேர்த்தேன். அதற்குக் கீழே ஒவ்வொன்றிலும் என் கையால் ஒரு வரி: மூலச் செய்தித்தாளின் கடைசிப் பக்கம், செடியைத் தாள் மாற்றியவரின் கவனக்குறைவால் இழக்கப்பட்டது. எண்பத்தேழு முறை அதை எழுதும்போது ஒரு மனிதனுக்குத் தன்னைப் பற்றிச் சில விஷயங்கள் புரிகின்றன. முப்பது வருடமாக எல்லாவற்றுக்கும் தேதி எழுதிவந்த நான், தேதி எழுதப்பட்ட தாள் கையில் இருந்தபோது அதைப் படிக்கவில்லை.

புதன்கிழமை இரண்டு பெட்டிகளோடு மகனுடைய காரில் போனோம். அவர் அலுவலகத்துக்கு விடுப்பு போட்டிருந்தார். பொறுப்பாளர் அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாள் தாளாகப் பார்த்தார். சீட்டுகளை நான் இந்தியில் சொல்லச் சொல்லக் கேட்டார். நனைந்த சாக்கு மணத்துக்கு மட்டும் நிமிர்ந்து சிரித்தார். பிறகு நான் எழுதிய வரி வந்தது. என்ன இது என்று கேட்டார். சொன்னேன். அக்கா நாற்காலியின் விளிம்பில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதில் நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் போல.

“எல்லாவற்றிலும் ஒரே ஒரு தேதியை அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தால் நான் நம்பியிருப்பேன்” என்றார் அம்மையார் கடைசியில். “எனக்குப் பிறகு வருகிறவர்களும் நம்பியிருப்பார்கள். இப்போது எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிகிறது. பூக்கும் காலம் பார்க்கிறவர்களுக்கு நாலைந்து நாள் பெரிதில்லை. பொய்தான் பெரிது.” அக்கா பக்கம் திரும்பினார். “ஆண்ட்டி ஜி, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பேப்பர்களையும் கொடுங்கள். நாலு கையெழுத்தும் உறையில் போட்டுச் செடியோடுதான் இருக்கும்.”

அக்கா தலையை மட்டும் அசைத்தார். கைப்பையின் மேல் இருந்த விரல்கள் மெல்லப் பிரிந்தன. மகன் வாசல் பக்கம் திரும்பி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அணைந்திருந்ததை நான் கவனித்தேன். திரும்பி வந்தவர் அம்மாவின் தோளில் கைவைத்து, “சலோ அம்மா, உன் மரமெல்லாம் பர்மனென்ட் ஆயிடுச்சு” என்றார்.

“உனக்கு முன்னாடியே ஆயிட்டுது பாரு, நீ இன்னும் மாத்தல்ல அலையுத” என்றார் அக்கா.

ஒப்புகைச் சீட்டை அம்மையார் எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். இருநூற்று நாற்பத்து மூன்று தாவரத் தாள்கள், பறித்தவர் பெயர், இடம் டெல்லி. நான் வாங்கி, எண்ணிக்கையைச் சரிபார்த்து, நான்காக மடிக்கப் போனேன். அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“தம்பி, இன்னைக்குப் புதன்தானே?”

சீட்டில் செவ்வாய்க்கிழமைத் தேதி இருந்தது. முந்தின நாளே தேதி போட்டு வைத்திருந்த சீட்டு போலும்.

அம்மையாரின் மேசையில் இருந்த பேனாவை எடுத்து, அந்த எண்ணை ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியான தேதியை எழுதி, ஓரத்தில் சாய்வில்லாத சின்ன இனிஷியல் ஒன்றைப் போட்டார் அக்கா. பிறகு சீட்டையும் பேனாவையும் அம்மையார் பக்கம் நகர்த்தி, “நீங்களும் ஒண்ணு போட்டுருங்க” என்றார்.